படிமானம்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் பேசத்தக்கதுதானா என்று உங்களுள் சிலர் ஐயுறக்கூடும். துப்பாக்கியைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும், குண்டு பாயும் குழலைப் பற்றியன்று. அக்குழலைத் தாங்கிக் கிடக்கும் மரக்கட்டையைப் பற்றி. குழலை எல்லாரும் வியந்து பார்ப்பார்கள். கட்டையை யாரும் நினைப்பதில்லை. ஆயினும் குறி தவறுவதற்குரிய காரணம் பல வேளைகளில் கட்டைக்கும் இரும்புக்கும் நடுவேதான் ஒளிந்திருக்கிறது. இதனை நான் நூலிற் படித்து அறியவில்லை. ஒரு மாணவனுக்கு அநீதி இழைத்து அறிந்துகொண்டேன். அதனாற்றான் பேசத் துணிந்தேன்.

1994ஆம் ஆண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியனாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாட்டில் தோன்றிய தேசிய மாணவர் படையின் பள்ளிப் பிரிவும் என் பொறுப்பில் இருந்தது. அவ்வாண்டு முகாமில் குறிபார்த்துச் சுடும் போட்டிக்கு மாணவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் பள்ளியிலிருந்து சென்றவர்களுள் கொடும்பாளூரைச் சேர்ந்த ஒரு பையனும் இருந்தான். கல்தச்சர் ஒருவரின் மகன். அதிகம் பேசமாட்டான், கையிலே நடுக்கம் என்பதே கிடையாது. அவன்மீது எனக்குப் பெரிய நம்பிக்கை.

25 மீட்டர் தொலைவில் இலக்குத் தாள். கையில் .22 ரைபிள். பத்துக் குண்டுகள் சுட்டான். தாளை எடுத்துவந்து பார்த்தேன். ஆறு துளைகள் ஓரிடத்தில் நெருங்கிக் கிடந்தன. மற்ற நான்கு துளைகள் இரண்டு விரற்கடை தள்ளி வேறோரிடத்தில் நெருங்கிக் கிடந்தன. மதிப்பெண் மிகவும் குறைந்துபோயிற்று. எனக்குச் சினம் பொங்கியது. எல்லார் முன்னிலையிலும், “கவனம் இல்லாதவனுக்குத் துப்பாக்கி எதற்கு?” என்று கேட்டுவிட்டேன்.

அவன் தலை குனிந்தபடியே, “சார், சுடும்போது உள்ளே ஏதோ அசைகிற மாதிரி இருக்கிறது” என்றான். அதனை ஒரு சாக்கு என்று எண்ணினேன். பட்டியலிலிருந்து அவன் பெயர் நீங்கியது.

மறுநாள் அதே ரைபிளை வேறு பள்ளி மாணவன் ஒருவன் சுட்டான். அவன் தாளிலும் இரண்டு கூட்டங்கள்! அப்போதுதான் என் நெஞ்சில் ஏதோ உறைத்தது.

மாணவர்களே, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தார்கள். மாணவன் ஒருவன் கணக்குகளில் மனம்போன போக்கில் தவறு செய்தால் அது கவனக்குறைவாக இருக்கலாம். ஆனால், அவன் தவறுகளில் ஓர் ஒழுங்கு காணப்படுமானால், எங்கோ ஓர் அடிப்படைக் கருத்து பிறழ்ந்து பதிந்திருக்கிறது என்று பொருள். தண்டிப்பதை விட்டு அதனைத் தேடவேண்டும். விடைத்தாள்களில் இந்த முறையை ஆண்டுக்கணக்காகக் கையாண்டவன் நான். இலக்குத் தாளில் அதனைக் கையாள மறந்தேன். பயிற்சி குறைந்தவன் சுட்டால் துளைகள் நாலாபுறமும் சிதறும். இரண்டு இறுக்கமான கூட்டங்களாகப் பிரிந்தால், சுட்டவன் கை உறுதியாக இருக்கிறது, துப்பாக்கிதான் இருவேறு நிலைகளில் மாறி மாறி உட்காருகிறது என்று அந்தத் தாளே எழுதிக் காட்டுகிறது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

முகாமில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஹவில்தார் ஒருவர் இருந்தார். அவரிடம் ரைபிளைக் கொண்டுசென்றேன். அவர் அதனைப் பிரித்துக் காட்டிய விதத்தை உங்களுக்குச் சொல்லுமுன், ரைபிளின் அமைப்பைச் சற்று விளக்கவேண்டும்.

ரைபிளின் குழலுக்குள் திருகுபோல வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றைப் பற்றிக்கொண்டு குண்டு சுழன்று வெளிப்படும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோலச் சுழலும் குண்டும் தலைகுப்புறாமல் செல்லும். குழலும், அதன் பின்னே வெடிப்பொதியை ஏற்கும் இரும்பு உடலும் இறுகப் பிணைந்தவை. இந்த இரும்பு முழுவதும் ஒரு மரக்கட்டையின் குடைவுக்குள் படுத்திருக்கும். திருகாணிகள் அதனைக் கட்டையோடு பிணைக்கும். குடைவுக்குள் இரும்பு எவ்வாறு பொருந்தி அமர்கிறதோ அதற்கே தச்சர் மொழியில் படிமானம் என்று பெயர். கதவு நிலையிலே படிய வேண்டும், மூடி பெட்டியிலே படிய வேண்டும் என்கிறோமே, அதே சொல்தான்.

சுடும்போது நிகழ்வது என்ன? குண்டு முன்னே பாய்கிறது; அதே வேளையில் துப்பாக்கி பின்னே உதைக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை நீங்கள் அறிவீர்கள். குண்டு குழலைக் கடந்து வெளியேற ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே ஆகும். ஆனால், அந்த நொடிப்பொழுதிலேயே இரும்பு பின்னோக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. குழலும் மீட்டிய கம்பிபோல அதிர்கிறது. குண்டு வெளியேறும் கணத்தில் குழலின் வாய் எத்திசையை நோக்கியிருக்கிறதோ அத்திசையில்தான் அது செல்லும். ஒவ்வொரு முறையும் இரும்பு ஒரே விதமாக அமர்ந்திருந்தால் அதிர்வும் ஒரே விதமாக இருக்கும். குண்டுகளும் ஓரிடத்தையே சென்று சேரும். அமர்வு மாறினால் அதிர்வு மாறும். குண்டும் இடம் மாறும்.

எவ்வளவு மாறும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழலின் நீளம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் வாய், வழக்கமான நிலையினின்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகுகிறது. நீங்கள் எழுதும் தாள் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ அவ்வளவுதான். இலக்கு 50 மீட்டரில் உள்ளது. 50 மீட்டர் என்பது 60 சென்டிமீட்டரைப்போல 83 மடங்கு. ஆகவே, வடிவொத்த முக்கோணங்களின்படி, இலக்கில் ஏற்படும் விலக்கம் 8 மில்லிமீட்டருக்கும் சற்று மிகுதி. ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்து மதிப்பெண் தரும் நடுவட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், அதாவது, மையத்திலிருந்து 5.2 மில்லிமீட்டர். .22 குண்டின் விட்டம் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். அதன் விளிம்பு வட்டத்தைத் தொட்டாலும் பத்து உண்டு. நம் குண்டின் மையம் 8.3 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் விளிம்பு 5.5இல் நிற்கும். மயிரிழையில் பத்து தவறிப்போகும்! 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற மராட்டிய இளைஞர் ஸ்வப்னில் குசாலே போன்றோர் ஏன் தங்கள் கருவியின் ஒவ்வொரு திருகாணியையும் அளந்து இறுக்குகிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

இனி ஹவில்தாரிடம் வருவோம். அந்த ரைபிள் லீ–என்ஃபீல்டு அமைப்பிலானது. ஒரு காலத்தில் நம் நாட்டுப் படைகளின் கையிலும் மாணவர் படையின் கையிலும் இருந்த .303 ரைபிளின் சிறிய உறவினன். அக்குடும்பத்தின் கட்டை ஒரே மரத்தாலானதன்று; முன்கட்டை வேறு, பின்கட்டை வேறு. முன்கட்டையின் குடைவில் இரு பக்கமும் சிறு தோள்கள் போன்ற பகுதிகள் உண்டு. முன்கட்டைக்கு வரும் பின்னுதைப்பை அந்த இரண்டு தோள்களே தாங்கவேண்டும். மேற்கு வங்கத்தில் 1904இல் நிறுவப்பட்ட இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை இவ்வகை ரைபிள்களை நெடுங்காலம் செய்தது. பின்னுதைப்பால் முன்கட்டை பிளந்துவிடாமலிருக்க அதன் குறுக்கே ஒரு திருகாணியைச் செலுத்தும் வழக்கமும் இந்திய ரைபிள்களில் ஏற்பட்டது. அத்திருகாணியே இஷாப்பூரின் பெயரால் வழங்கலாயிற்று. மரத்துக்கும் இரும்புக்கும் இடையே நடக்கும் ஓயாத போராட்டத்துக்கு அது ஒரு சான்று.

ஹவில்தார் முன்கட்டையைக் கழற்றினார். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பின் அடிப்பக்கம் மெல்லியதாகப் பூசினார். மீண்டும் கட்டையில் பொருத்தி, திருகாணிகளை முறைப்படி இறுக்கி, மறுபடியும் கழற்றினார். கரி எங்கெங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் இரும்பு மரத்தைத் தொடுகிறது. ஒட்டாத இடத்தில் தொடவில்லை. வலப்புறத் தோள் கறுத்திருந்தது. இடப்புறத் தோளில் கரியே இல்லை; அது தேய்ந்து போயிருந்தது. ஆகவே, ஒவ்வோர் உதையிலும் இரும்பு சற்றே முறுகி, ஒரு முறை ஒரு விதமாகவும் மறுமுறை வேறு விதமாகவும் அமர்ந்தது. பையன் சொன்னானே, உள்ளே ஏதோ அசைகிறது என்று, அசைந்தது இதுதான்.

“பையன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான், சார்” என்றார் ஹவில்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

தேய்ந்த இடத்தைச் சதுரமாக வெட்டியெடுத்து, வயிரம் பாய்ந்த மரத்துண்டு ஒன்றை ஒட்டினார். பிறகு கரி பூசுவதும், பொருத்துவதும், கழற்றுவதும், கறுத்த மேட்டைக் கூரிய சுரண்டியால் இழையிழையாகச் சுரண்டுவதுமாக அரைநாள் சென்றது. மணல்தாளை அவர் தொடவில்லை; அது மேட்டோடு விளிம்பையும் மழுக்கிவிடும் என்றார். இரண்டு தோள்களிலும் கரி சமமாகப் படிந்த பிறகே கையைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலை அதே ரைபிளில் பத்துக் குண்டுகள், ஒரே கூட்டம். ஆனால், தேர்வுப் பட்டியல் அதற்குள் மேலிடத்துக்குப் போய்விட்டது. மாற்ற இயலவில்லை.

முகாம் முடிந்து திரும்பியதும் அவன் வீட்டுக்குச் சென்றேன். கொடும்பாளூர் உங்களிற் பலர் அறிந்த ஊர்தான். திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் சாலையில் விராலிமலையைத் தாண்டியதும் வருவது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குச் செல்லும் வழிகள் பிரியும் இடத்தில் பேசப்படும் ஊர், இருக்குவேளிரின் தலைநகர். பூதி விக்கிரமகேசரி என்னும் வேள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தன் பெயராலும் தன் தேவியர் இருவர் பெயராலும் எடுப்பித்த மூவர் கோயில் அங்கே இருக்கிறது. மூன்று தளிகளில் இரண்டே இன்று முழுமையாக நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

பையனின் தந்தை ஊர்க்கோயில் ஒன்றின் திருப்பணிக்காகக் கல் வேலை செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உளியை வைத்துவிட்டு எழுந்து, “வாங்க சார்” என்றார். நான் வந்த காரணத்தை மறைக்காமல் சொன்னேன். உங்கள் மகன்மீது பிழையில்லை, பிழை என்னுடையது என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “துப்பாக்கி எனக்குத் தெரியாது சார். கல்லு தெரியும். இதைப் பாருங்க” என்றார்.

கீழ்க்கல்லின் மேற்பரப்பில் காவியைக் கரைத்துப் பூசினார். ஆட்களோடு சேர்ந்து மேற்கல்லை அதன்மேல் இறக்கி, சற்று அசைத்து, மீண்டும் தூக்கினார். மேற்கல்லின் அடியில் அங்கங்கே சிவப்புத் திட்டுகள். “சிவந்த இடமெல்லாம் மேடு. மேட்டைத் தட்டணும். கல்லு முழுக்கச் சிவக்கிற வரைக்கும் தட்டணும். இடையிலே சில்லு வச்சு ஆட்டத்தை மறைச்சிடலாம், நாளைக்கு மேலே பாரம் ஏறினா சில்லு நொறுங்கும், கல்லு விரியும்” என்றார்.

நான் திகைத்து நின்றேன். ஹவில்தார் கரியால் செய்ததை இவர் காவியால் செய்கிறார்! ஒருவரை ஒருவர் கண்டதில்லை; ஒருவர் தொழிலை மற்றவர் அறிந்ததில்லை. படிமானம் என்ற ஒரே கருத்து இருவர் கையிலும் இருந்தது.

அது அவ்விருவர் கையில் மட்டுமன்று. பொறியியல் வரலாற்றில் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயரின் பெயரைக் காண்பீர்கள். உலோகத்தில் உண்மையான சமதளத்தை எவ்வாறு செய்வது என்பதை 1840இல் கிளாஸ்கோ நகரில் அறிஞர் அவை ஒன்றில் விளக்கினார். வண்ணம் பூசிய தளத்தோடு மற்றொன்றை ஒற்றிப் பார்த்து, மேடுகளைச் சுரண்டுவதே முறை. ஆனால், இரண்டு தளங்களை மட்டும் ஒன்றோடொன்று பொருத்தினால், ஒன்று குழிந்தும் மற்றொன்று அதற்கேற்பப் புடைத்தும் இருந்து ஏமாற்றக்கூடும். ஆகவே, மூன்று தளங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் மற்ற இரண்டோடும் மாறி மாறிப் பொருத்தவேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் மூன்றும் சமதளமே. இதே விட்வொர்த்தான் பின்னாளில் ரைபிள் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டு, 1857ஆம் ஆண்டுச் சோதனைகளில் பெயர்பெற்ற ரைபிளைச் செய்தார். சமதளம் கண்டவர் கையிலேயே குறி தவறாத துப்பாக்கியும் பிறந்தது தற்செயல் அன்று.

மரம் உயிரற்ற பின்னும் அடங்கிக் கிடப்பதில்லை. மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி இழைக்குக் குறுக்கே பருக்கும்; கோடையில் சுருங்கும். ஐப்பசியில் சரியாகப் படிந்த கட்டை சித்திரையில் தளரும். ஆகவே, பிற்காலத்தார் வேறு வழிகளைக் கண்டனர். குடைவைச் சற்றே பெரிதாக்கி, கண்ணாடியிழைத் தூள் கலந்த எபாக்ஸிப் பிசினை இட்டு, இரும்பில் மெழுகு பூசி அதன்மேல் அமர்த்துவார்கள். பிசின் இறுகியதும் இரும்பின் அச்சு அப்படியே பதிந்துவிடும். மெழுகு இருப்பதால் இரும்பு ஒட்டாமல் கழன்று வரும். திருகாணிகள் செல்லும் துளைகளில் உலோகக் குழாய்களைப் பதிப்பதும் உண்டு. அப்போது மரம் நசுங்காது. குழல் கட்டையை எங்கும் தொடாதவாறு இடைவெளி விடுவதும் உண்டு. அந்த இடைவெளி போதுமா என்று பார்க்க ஒரு தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகி இழுத்துப் பார்ப்பார்கள். குறியைக் கெடுக்கவும் தாளின் தடிப்பு போதும். அதனைக் காக்கவும் ஏறக்குறைய அதே அளவு போதும்!

பிசின் இறுகும்வரை திருகாணிகளை முழு வலிமையோடு முறுக்கலாகாது. முறுக்கினால் இரும்பு சற்றே வளையும். வளைந்த வடிவமே பதிந்துவிடும். ஆகவே, இறுதியில் ஒரு சோதனை செய்வார்கள். குழலும் கட்டையும் சேருமிடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒரு திருகாணியை மெல்லத் தளர்த்துவார்கள். குழல் அசையுமானால், இதுகாறும் கட்டாயத்தால்தான் இரும்பு அங்கே இருந்தது, இயல்பாகப் படியவில்லை என்பது தெளிவு. இறுக்கம் வேறு, படிமானம் வேறு. திருகாணி தளர்ந்தபோதும் அசையாமல் இருப்பதே நல்ல படிமானம்.

இரும்புக்கும் கட்டைக்கும் உள்ள பொருத்தம் இது. கட்டைக்கும் சுடுபவருக்கும் உள்ள பொருத்தம் மற்றொன்று. கட்டை நீண்டிருந்தால் தோளில் தடுக்கும். குறுகியிருந்தால் கன்னம் உரிய இடத்தில் பதியாது. கன்னம் பதியும் இடம் மாறினால் கண்ணின் இடமும் மாறும். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டியில் இப்பொருத்தமே முதன்மையானது. நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபில் வந்த பிருத்விராஜ் தொண்டைமான் அவ்வகைப் போட்டியில் இந்தியாவுக்காக 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்றவர் என்பதை இம்மாவட்டத்து மாணவர் பெருமையோடு நினைக்கலாம்.

திருச்சிராப்பள்ளியில் 1966இல் துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. கொடும்பாளூரிலிருந்து அது வெகு தொலைவன்று. இன்றைய படைத்துறை ரைபிள்களில் மரத்தின் இடத்தை உலோகமும் நெகிழியும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டன. ஆயினும் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பின்மீது எப்படி அமரவேண்டும் என்ற கேள்வி மாறவில்லை. உங்களில் எவரேனும் நாளை எந்தத் தொழிற்கூடத்திற்குச் சென்றாலும் அக்கேள்வி உங்களை எதிர்கொள்ளும். ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். துப்பாக்கியை வைத்திருப்பதற்கு மட்டுமன்று, பழுதுபார்ப்பதற்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆகவே, இப்பேச்சைக் கேட்டு யாரும் சுரண்டியை எடுத்துவிடாதீர்கள். படிமானத்தைக் கற்க உங்கள் வகுப்பறை மேசையே போதும். ஆடும் மேசையின் காலடியில் காகிதத்தை மடித்து வைப்பது எளிது. எந்தக் கால் குட்டை, தரை எங்கே மேடு என்று சுண்ணக்கட்டித் தூளைத் தூவிக் கண்டுபிடிப்பது கல்வி.

நிலையான பிழையைத் திருத்திவிடலாம். குண்டு எப்போதும் இடப்பக்கமே சென்றால் குறிமுள்ளைச் சற்று நகர்த்தினால் போதும். நிலை மாறும் பிழையைக் குறிமுள் திருத்தாது, படிமானத்தைத்தான் பார்க்கவேண்டும். இதனை அறிந்த நான், அன்று பார்க்கவேண்டிய இடத்தைப் பார்க்காமல் பையனின் முகத்தைப் பார்த்தேன்.

அவன் தந்தை என்னை மன்னித்தார். அவனும், “பரவாயில்லை சார்” என்றான். மறு ஆண்டு அவன் அரசுப் பொதுத்தேர்வு எழுதும் வகுப்பில் இருந்தான், போட்டிக்கு வரவில்லை. பிறகு அவன் ரைபிளைத் தொட்டதாக நான் அறியேன். நான் தலைமையாசிரியன் ஆன பிறகு, ஒரு மாணவனைப் பற்றிய குறை என் மேசைக்கு வந்தபோதெல்லாம், முதலில் அவன் சொல்வதைக் கேட்பேன். அடுத்து அவன் அமர்ந்திருக்கும் இடத்தைப் பார்ப்பேன். வீட்டில் படிக்க விளக்குண்டா, கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா, காலையில் உண்டு வந்தானா என்று பார்ப்பேன். பல முறை அங்கேதான் கரி படியாமல் கிடந்தது.

கொடும்பாளூர் வழியே செல்லும்போது ஒரு நாழிகை இறங்கி மூவர் கோயிலைப் பாருங்கள். கல்லும் கல்லும் சேரும் கோட்டில் விரலை வைத்துப் பாருங்கள். பிறகு சற்றுத் தள்ளி, மேற்பகுதி முழுவதும் போய் அடித்தளம் மட்டுமே எஞ்சிய அந்த மூன்றாம் தளியையும் பாருங்கள். மேலே இருந்த சிற்பங்கள் எல்லாம் போயின. அடியில் செம்மையாகப் படிந்தவை மட்டும் இன்னும் இருக்கின்றன.